வேகம் சாட்சியாகாது

2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி சிட்னி ஒலிம்பிக் அரங்கில் பெண்களுக்கான 200 மீற்றர் இறுதி ஓட்டம் நடந்தது. அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனில் எல்லோரையும் வெகுதூரம் பின்தள்ளி முதலாவதாக வந்தார். பஹாமாஸைச் சேர்ந்த போலின் டேவிஸ் தொம்சன் 22.27 செக்கனில் இரண்டாமிடம். நூறில் ஒரு செக்கன் பிந்தி, 22.28இல் கோட்டைத் தொட்டவர் கேகாலை மாவட்டத்தின் ஏழைக் கிராமத்துக் குடும்பமொன்றில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க. 1948இல் லண்டனில் டங்கன் வைற் வெள்ளி வென்ற பிறகு 52 ஆண்டுகளாக இலங்கை ஓர் ஒலிம்பிக் பதக்கத்தைக் கண்டதில்லை. அந்த வெற்றிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1998இல், சுசந்திகாவின் சிறுநீர் மாதிரியில் நன்ட்ரலோன் என்ற ஊக்கமருந்தின் தடயம் இருந்ததாக அறிவித்து அவரை இடைநிறுத்தியிருந்தார்கள். தனக்கு எதிராகச் சதி நடந்ததென்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். பின்னர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆனாலும் ஊர் வாய் அவரை விடுவிக்கவில்லை. சிட்னியில் அவர் பதக்க மேடையில் ஏறியபோதும் ஊக்கமருந்து என்ற அந்தச் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2007 ஒக்டோபரில், ஊக்கமருந்து எடுத்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு கண்ணீர் விட்டவர் மரியன் ஜோன்ஸ். சிட்னியில் வென்ற ஐந்து பதக்கங்களையும் அவர் இழந்தார். 2009 டிசெம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு சுசந்திகாவின் வெண்கலத்தை வெள்ளியாக உயர்த்தியது.

வன்னியில் பாடசாலை மெய்வல்லுனர் போட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எங்கோ நடந்த கதையாகத் தோன்றாது. நாயாறு போன்ற ஒரு கரையோரக் கிராமத்துப் பிள்ளை வலய மட்டத்தைத் தாண்டி, மாகாண மட்டத்தில் பெரிய நகரப் பாடசாலைப் பிள்ளைகளை முந்தி ஓடினால், கைதட்டலோடு ஒரு முணுமுணுப்பும் எழும்: "என்னத்தைக் குடுத்து ஓட விட்டவையோ?" சொன்னவர் மறந்துவிடுவார். கேட்ட பிள்ளை மறக்காது. ஒருவர் அபாரமாக ஓடினார் என்பதை அவர் மருந்து எடுத்தார் என்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் வாதம். சந்தேகப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விளையாட்டில் களவு நடக்கிறது. அதைப் பிடிக்கச் சந்தேகம் வேண்டும். ஆனால் அந்தச் சந்தேகம் எதிலிருந்து தொடங்குகிறது என்பதிலேயே நியாயமும் அநியாயமும் பிரிகின்றன.

கண்ணால் பார்த்து ஊக்கமருந்தைக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். புடைத்த தசை, திடீரென்று கூடிய வேகம், களைப்பே தெரியாத முகம் என்று அடையாளம் சொல்வார்கள். மருந்துகள் வேலை செய்யும் விதத்தை அறிந்தால் இந்த நம்பிக்கை நிற்காது. நன்ட்ரலோன் போன்ற ஸ்ரீரொயிட் மருந்துகளின் பெரிய பயன், கடும் பயிற்சியில் நைந்த தசையை விரைவாக ஆற்றி மறுநாளும் அதே கடுமையோடு பயிற்சி செய்ய விடுவதுதான். ஈ.பி.ஓ. என்ற மருந்து இரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டி ஒட்சிசனை அதிகம் சுமக்க வைக்கிறது. அதை எடுத்தவர் மெலிந்த நெடுந்தூர ஓட்டக்காரராக, பார்ப்பதற்கு நல்ல உழைப்பாளியாகத்தான் தெரிவார். மறுபக்கம், மருந்தே இல்லாமலும் நேரம் திடீரென்று குறையும். பதினாறு, பதினேழு வயதில் உடல் வளர்கிறது. கடற்கரை மணலிலும் கிறவல் மைதானத்திலும் வெறுங்காலோடு ஓடிய பிள்ளை முதன்முறையாக ஆணிச் சப்பாத்து அணிந்து கொழும்பு சுகததாச அரங்கின் செயற்கை ஓடுபாதையில் கால் வைக்கும்போது, அதுவரை மண் விழுங்கிய வேகம் கடிகாரத்தில் வந்து விழுகிறது. பார்வையாளரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பெண் என்றால் இந்தக் கண் இன்னும் கொடியதாகிவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் 2006 டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். அவர் எந்த மருந்தும் எடுத்ததாக யாரும் நிறுவவில்லை. அவரது உடலின் மீதே சந்தேகம் கொண்டு பாலினப் பரிசோதனை செய்து பதக்கத்தைப் பறித்தார்கள். மருந்துச் சந்தேகமும் உடல் மீதான சந்தேகமும் வெவ்வேறு. ஆனால் "பெண் இப்படி ஓடமுடியுமா?" என்ற ஒரே வாயிலிருந்துதான் இரண்டும் புறப்படுகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மரியன் ஜோன்ஸ் மீதும் சந்தேகம் இருந்ததே, அது கடைசியில் சரியாகத்தானே முடிந்தது; நெருப்பில்லாமல் புகையுமா? உண்மைதான். சிட்னிப் போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே, குண்டெறிதல் வீரரான அவரது கணவர் சி.ஜே. ஹன்ரர் நன்ட்ரலோன் பரிசோதனையில் சிக்கிய செய்தி வெளியானது. கூர்ந்து கேட்டவர்கள் அன்றே கேட்டார்கள். ஆனால் ஜோன்ஸை இறுதியில் வீழ்த்தியது எது? 2003இல் அவருடைய முன்னாள் பயிற்றுநர் ட்ரெவர் கிரஹாம், பயன்படுத்திய ஊசியொன்றை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்துக்கு அனுப்பிவைத்தார். லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வுகூடத்தில் டொன் கட்லின் குழு அதிலிருந்த எச்சத்தைப் பிரித்து, அதுவரை எந்தப் பரிசோதனையும் காணாத டி.எச்.ஜி. என்ற புதிய ஸ்ரீரொயிட்டை இனங்கண்டது. அந்த நூலைப் பிடித்துப் போனபோது, அந்த மருந்தை வீரர்களுக்கு வழங்கிய கலிபோர்னியாவின் பல்கோ நிறுவனம் அகப்பட்டது. அங்கிருந்து வீரர்களின் பெயர்கள் வந்தன, விசாரணை வந்தது, விசாரணையாளர்களிடம் சொன்ன பொய்யும் வெளியே வந்தது. 2008இல் ஜோன்ஸுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் "அவள் மிக வேகமாக ஓடினாள்" என்பது சாட்சியாக நிற்கவில்லை. லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் கதையும் அப்படித்தான். பிரான்ஸ் சைக்கிளோட்டத்தை ஏழு முறை வென்ற அவரை 2012இல் சாய்த்தது 26 பேரின் சாட்சியம். அவர்களில் 11 பேர் அவரோடு ஒரே அணியில் ஓடியவர்கள். அவரை ஆண்டுக்கணக்கில் துரத்திய பத்திரிகையாளர்களும் மலையில் அவர் ஏறிய வேகத்தோடு நின்றுவிடாமல் அவரது உதவியாளர்களைத் தேடிப்போய்ப் பேசியவர்கள்.

அடுத்த மறுப்பு கணக்கின் பக்கத்திலிருந்து வருகிறது. 100 மீற்றர் வரலாற்றில் மிக வேகமான ஆண்களின் பட்டியலில் உசைன் போல்டுக்கு அடுத்து நிற்கும் டைசன் கே, யொஹான் பிளேக், அசாபா பவல், ஜஸ்ரின் கட்லின் நால்வருமே ஏதோவொரு காலத்தில் ஊக்கமருந்து விதிமீறலுக்காகத் தடை அனுபவித்தவர்கள். 2009இல் பேர்ளினில் 9.58 செக்கனில் ஓடிய போல்ட் மட்டும் எந்தப் பரிசோதனையிலும் சிக்கவில்லை. சுற்றியிருப்பவர்கள் இப்படியிருக்க அவர் மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கமுடியும் என்று கேட்கிறார்கள். கேள்வி அறிவுள்ள கேள்விதான். ஆனால் அது நியாயப்படுத்துவது ஒன்றைத்தான்: அந்தத் துறையில் முன்னணியில் ஓடும் ஒவ்வொருவரையும் அடிக்கடி, அறிவிக்காமல் போய்ப் பரிசோதிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் நால்வர் திருடினால் காவலைக் கூட்டலாம். ஐந்தாமவனைக் கட்டிவைக்க முடியாது. போல்ட் விடயத்திலேயே இது நடந்திருக்கிறது. 2008 பீஜிங் அஞ்சலோட்டத்தில் அவருடன் ஓடிய நெஸ்ரா கார்ட்டரின் மாதிரியை மீண்டும் சோதித்தபோது மருந்து வெளிப்பட, 2017இல் அணி முழுவதும் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. போல்டின் தனிப்பட்ட பதக்கங்களைத் தொட எந்த ஆதாரமும் இருக்கவில்லை, யாரும் தொடவுமில்லை.

கெட்டிக்காரர்கள் பரிசோதனையை ஏமாற்றிவிடுவார்களே என்பார்கள். ஏமாற்றுகிறார்கள். ஜோன்ஸே பல ஆண்டுகள் ஏமாற்றினார். அதனால்தான் மாதிரிகளைப் பத்து ஆண்டுகள் வரை உறையவைத்துப் பாதுகாத்து, புதிய முறைகள் வந்தபின் மறுபடி சோதிக்கிறார்கள். 2009 முதல் ஒரு வீரரின் இரத்த அளவுகளை ஆண்டுக்கணக்காகப் பதிந்து, அவருடைய உடலை அவருடைய உடலோடேயே ஒப்பிடும் உயிரியல் கடவுச்சீட்டு முறையும் வந்துவிட்டது. லண்டன் 2012 ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 1500 மீற்றரில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த துருக்கி வீராங்கனைகள் இருவரும் பின்னர் இந்த முறையில் அகப்பட்டுப் பதக்கம் இழந்தார்கள். வீரர் தான் இருக்கும் இடத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை தவறினால் மருந்து சிக்காமலேயே தடை வரும். இந்த இடத்தில் சிட்னியின் இன்னொரு பந்தயத்தை நினைக்க வேண்டும். ஜோன்ஸ் 100 மீற்றரிலும் தங்கம் வென்றிருந்தார். அடுத்து வந்தவர் கிரேக்கத்தின் கத்தரினா தானு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில் பரிசோதனைக்கு வராமல் தவறி, பெரிய சர்ச்சைக்கு ஆளானவர் அவர். 200 மீற்றரில் இரண்டாமவரைத் தங்கத்துக்கு உயர்த்திய ஒலிம்பிக் குழு, 100 மீற்றரில் தானுவை உயர்த்தவில்லை. அந்தத் தங்கம் இன்றும் யாருக்கும் சொந்தமில்லை. தானு வேகமாக ஓடியதற்காக அந்த முடிவு வரவில்லை; அவர் செய்த, பதிவில் உள்ள ஒரு காரியத்துக்காக வந்தது. சந்தேகத்துக்கு இப்படியொரு கால் வேண்டும்.

பரிசோதனையே தவறினால்? அதுவும் நடந்தது, அதுவும் எங்கள் நாட்டவருக்கே. 2015 டிசெம்பரில் இலங்கை அணி நியூசிலாந்தில் இருந்தபோது விக்கெட் காப்பாளர் குசல் பெரேராவின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஸ்ரீரொயிட் இருப்பதாக கட்டார் ஆய்வுகூடம் அறிவித்தது. அவர் உடனே இடைநிறுத்தப்பட்டார். 2016 இருபதுக்கு 20 உலகக் கிண்ணம் அவர் இல்லாமலே நடந்தது. அவரும் அவருக்காக வாதாடியவர்களும் ஆய்வுகூடத்தின் விஞ்ஞானத்தையே கேள்விக்குள்ளாக்கினார்கள். கடைசியில் ஆய்வுகூடம் தன் முடிவை விலக்கிக்கொள்ள, 2016 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் பேரவை குற்றச்சாட்டைக் கைவிட்டது. நன்ட்ரலோன் வகையில் அக்காலத்தில் எல்லையாக வைக்கப்பட்டிருந்த அளவு ஒரு மில்லிலீற்றருக்கு இரண்டு நனோகிராம். ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்மையாக அளக்கும் கை தவறலாம் என்பதால்தான் மாதிரியை ஏ, பி என்று இரண்டு போத்தல்களில் பிரித்து முத்திரையிடுகிறார்கள். பி போத்தலைத் திறக்கும்போது அருகில் நிற்க வீரருக்கு உரிமை உண்டு. இலங்கையில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமான வாடாவின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இல்லாததால் எங்கள் பிள்ளைகளின் போத்தல்கள் கடல் கடந்தே போகின்றன. அந்த உரிமைகளை அறியாத, வழக்கறிஞருக்குக் காசில்லாத ஒரு கிராமத்து வீராங்கனை குசல் பெரேராவைப்போல் போராடியிருக்க முடியுமா என்பதே எனக்கு ஆறாத கவலை. 2019 பெப்ரவரியில் டர்பனில் கடைசி விக்கெட்டோடு நின்று ஆட்டமிழக்காமல் 153 ஓட்டம் அடித்து, ஒரு விக்கெட்டால் தென்னாபிரிக்காவை வீழ்த்தியவர் அதே குசல் பெரேராதான். முணுமுணுப்பின் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த இன்னிங்ஸ் நடந்தேயிருக்காது.

இதைச் சொல்வதால் நம்மவர் யாரும் தவறமாட்டார்கள் என்று அர்த்தமில்லை. 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற இலங்கையின் மஞ்சு வன்னியாராச்சி நன்ட்ரலோன் சிக்கியதால் அதை இழந்தார். திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து 2019 டோஹாவில் 800 மீற்றர் ஆசியச் சாம்பியனாகி, தமிழ்நாடே கொண்டாடியபின், அதே மருந்துக்காக நான்கு ஆண்டுத் தடையும் பதக்க இழப்பும் கண்டார். தீர்ப்பு வந்தபின் அதை ஏற்கத்தான் வேண்டும். நம்மவர் என்ற பாசத்தால் அதை மறுப்பது, வெளியார் என்ற வெறுப்பால் சந்தேகிப்பதைப் போன்றதே. இலங்கைக் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் கதை வேறு வகை. தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்து வழியாக பிரெட்னிசொலோன் உடலில் ஏறி, 2011 உலகக் கிண்ணத்தின்போது பரிசோதனையில் சிக்கினார். திறனைக் கூட்டும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்று விசாரணை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மூன்று மாதத் தடை. உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. தெரியாது என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது. வன்னியின் பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லா எண்ணெய், சளிக்குக் கடையில் வாங்கிய குளிசை, உடம்பு தேறும் என்று நகரத்தில் விற்கும் புரதப் பொடி. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இயங்குகிறது. பாடசாலை மாணவர்களும் பரிசோதிக்கப்படுகிறார்கள்.

ஆகவே பயிற்றுநர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்றைக் கேட்கிறேன். பிள்ளை உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம், "இவள் போட்டியில் ஓடுகிறவள்" என்று முதலில் சொல்லுங்கள். மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர்களே, அடுத்த முறை நாயாற்றிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ வந்த ஒரு பிள்ளை எல்லோரையும் முந்திக் கோட்டைத் தொட்டால், கையில் ஓர் ஆதாரமிருந்தால் அதை முகவரகத்துக்கு எழுதுங்கள். இல்லையென்றால் கைதட்டுங்கள்.