அடிபட்ட ஜீப்பை மீட்டமைத்தல்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே, வீட்டு முற்றத்தில் ஒரு பழைய ஜீப்பை வைத்துப் பேணி வருவோர் சிலர் உண்டு. அணைக்கட்டு, சுரங்கம், தேயிலைத் தோட்டம், காட்டிலாகா என்று தந்தையார் அலுவல் பார்த்த நாளில் வாங்கப்பட்ட வண்டியாக அது இருக்கும். மொழி தெரியாத ஊரில் முதன்முதலாகக் கால் வைத்த காலத்தில், குடும்பத்தை ரயிலடியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு சேர்த்த வண்டி அது. ஆதலால் அதன்மீது கொள்ளும் பற்று வெறும் பொருட்பற்று அன்று. இத்தகைய வண்டி ஒரு பெரு விபத்தில் சிக்கினால் என் செய்வது? பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதா, மீட்டமைப்பதா? மீட்பதென்றால் எதிலிருந்து தொடங்குவது? இவற்றைக் குறித்தே இங்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

என் நண்பர் ஒருவர் ராஞ்சியில் வசிக்கிறார். ஹாட்டியாப் பகுதியில் கனரக இயந்திரத் தொழிற்சாலை எழுந்துகொண்டிருந்த நாட்களில் அங்கு வந்து குடியேறிய ஒரு தமிழ் இன்ஜினியரின் மகன் அவர். 1962ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜீப் ஒன்று அவரிடம் இருக்கிறது. தந்தையார் ஏலத்தில் எடுத்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் பத்ராத்து மலைப்பாதையில் அவர் இறங்கி வருகையில், வளைவொன்றில் எதிரே ஒரு லாரி வழி மாறி வந்துவிட்டது. அதற்கு இடம்விட ஒதுங்கியதில் ஜீப்பின் இடது முன்பக்கம் பாறையில் மோதியது. நண்பருக்குக் காறையெலும்பு முறிந்தது. வண்டியின் முன்பக்கம் உருக்குலைந்தது. பார்த்தவரெல்லாம் எடைக்குப் போடுங்கள் என்றே சொன்னார்கள். நண்பருக்கு மனம் ஒப்பவில்லை. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளோ, தாத்தாவின் வண்டியை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஏறி அமரத்தக்க வண்டியாக அதை மீண்டும் ஆக்க முடியுமா என்பதே அவர் என்னிடம் கேட்ட கேள்வி.

இதற்கு விடை காண ஜீப்பின் பிறப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். 1940ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரங்களாலும் இயங்கும் இலேசான வண்டி ஒன்று வேண்டுமென்று கோரி, முதல் மாதிரியைத் தர 49 நாள் கெடு விதித்தது. பென்சில்வேனியாவில் பட்லர் என்னும் ஊரில் இருந்த பேன்டம் என்ற சிறு கம்பெனி அக்கெடுவுக்குள் அதை ஒப்படைத்தது. பின்னர் வில்லீஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர்க்களத்தில், கைக்கருவிகளைக் கொண்டே சாதாரணச் சிப்பாய் பழுது பார்க்கத் தக்கதாக அது அமைக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் மகீந்திரா நிறுவனத்தார் வில்லீஸ் ஜீப்பை பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை வெளிவந்த சி.ஜே. 3பி என்னும் மாதிரியின் வழிவந்த வண்டிகள், அங்கு நின்றுபோன பின்னரும் நம் நாட்டில் பல ஆண்டுகள் செய்யப்பட்டு வந்தன. ஆகவேதான் அதன் உதிரி உறுப்புகள் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும், தில்லியின் காஷ்மீரி கேட்டிலும், சென்னையின் புதுப்பேட்டையிலும் தேடினால் இன்றும் அகப்படுகின்றன. மீட்டமைத்தல் இயலும் என்று சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் அதன் அமைப்பு. இக்காலக் கார்களில் உடற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றாகவே இருக்கும். ஜீப்பிலோ, பட்டறையில் சேஸிஸ் என்று கூறும் அடிச்சட்டம் தனியானது. ஏணியைப் படுக்க வைத்ததுபோல் இரண்டு நீண்ட எஃகுத் தண்டவாளங்களும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் கொண்டது. அதன்மீது உடற்கூடு போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றினால் நான்கு பேர் கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். மடங்கிப்போன தகடு நம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் வண்டியின் உயிர் தகட்டில் இல்லை, அடிச்சட்டத்தில் இருக்கிறது.

ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. விபத்து நேர்ந்த நிலையிலேயே வண்டியை நாற்புறமும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால் அவர்களுடைய சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் கழற்றாதீர்கள். பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்துக் குறித்து வையுங்கள்.

அதன்பின் அளவெடுத்தல். ராஞ்சியில் நண்பர் அழைத்து வந்த மிஸ்திரி எழுபது வயதைக் கடந்தவர். வந்ததும் அவர் கேட்டது சுத்தியலை அன்று. ஒரு நூற்கண்டும், தூக்குக்குண்டும், சாக்குக்கட்டியுமே. கண் பொய் சொல்லும், கயிறு பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை. முதலில் இரு பக்கமும் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை அளந்தார். இவ்வகை ஜீப்பில் அது 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 203 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். வலப்புறம் சரியாக இருந்தது. இடப்புறம் ஒன்றேகால் அங்குலம் குறைந்திருந்தது. முன் ஆக்சில் பின்னே தள்ளப்பட்டுவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

பின்னர்க் கூட்டையும் எஞ்சினையும் இறக்கி, அடிச்சட்டத்தைச் சமதளமான சிமெண்டுத் தரைக்கு மேல் நிறுத்தினார்கள். சட்டத்தின் இரு புறத்திலும் ஒத்த இடங்களிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளிகளைத் தரையில் சாக்குக்கட்டியால் குறித்தார்கள். சட்டத்தை அகற்றியபின் அப்புள்ளிகளை மூலைக்கு மூலை அளந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரு குறுக்களவுகளும் ஒத்திருந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று பொருள். எட்டில் ஓர் அங்குலம்வரை வேறுபாடு இருக்கலாம் என்பது பட்டறை வழக்கு. நண்பரின் வண்டியில் நடுக்கட்டமும் பின்கட்டமும் ஒத்திருந்தன. முன்கட்டத்தில் மட்டும் முக்கால் அங்குல வேறுபாடு. அத்துடன், இடது ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தருகே ஒரு விரிசலும் காணப்பட்டது.

இவ்விடத்தில்தான் பலர் தவறான வழியில் இறங்குகின்றனர். வேறொரு ஜீப்பின் சேஸிஸை வாங்கி மாட்டிவிட்டால் வேலை எளிது என்று கடைத்தெருவில் சொல்வார்கள். பழைய எண்ணை அதில் பொறித்துத் தருகிறோம் என்றும் சிலர் துணிந்து கூறுவார்கள். அது குற்றம். எண்ணை மாற்றிப் பொறித்த வண்டி திருட்டு வண்டிக்கு ஒப்பாகவே கருதப்படும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. சட்டமோ எஞ்சினோ மாற்றியே தீரவேண்டும் என்றால், முன்னதாகவே பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்பதே முறை.

இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப்பதிவு விதிகளை வெளியிட்டது. முதற்பதிவாகி 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியை 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 ஆண்டுகளுக்கு அவ்வாறு பதிந்துகொள்ளலாம். ஆனால் அது மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும்; சேஸிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் ஏதும் நிகழ்ந்திருத்தல் ஆகாது. அவ்வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. ஆகவே அவசரப்பட்டுச் சேஸிஸை மாற்றுகிறவர் அந்தத் தகுதியையே இழக்க நேரிடும். அதற்காக, முறுக்கிப்போன சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டுவதும் பேதைமை. சட்டம் பல இடங்களில் முறுக்கியிருந்தாலோ, துரு உள்ளிருந்து அரித்திருந்தாலோ, அவ்வண்டியை ஓட்டும் ஆசையை விட்டுவிடுவதே அறிவுடைமை. இதனை முடிவு செய்யவேண்டியது நம் பாசம் அன்று, அளவுக்கோலே.

நண்பரின் சட்டம் காப்பாற்றத் தக்கது என்று அளவு சொல்லியது. கனமான சங்கிலியாலும் ஹைட்ராலிக் ஜாக்கியாலும், சூடேற்றாமல், நாளுக்குச் சிறிதாக இழுத்து நிமிர்த்தினார்கள். மிகையாகக் காய்ச்சினால் எஃகின் வலு குன்றிவிடும். விரிசலின் நுனியில் முதலில் சிறு துளையிட்டார்கள். அத்துளை விரிசல் மேலும் ஓடாமல் தடுக்கும். பிறகு விரிசலைத் தேய்த்து அகலமாக்கிப் பற்றவைத்து, அதன்மேல் சாய்சதுர வடிவில் ஒரு தகட்டைப் பொருத்தினார்கள். நேர் செங்குத்தாகப் பற்றவைத்தால் அந்தக் கோட்டிலேயே சட்டம் மறுமுறையும் வெடிக்கும் என்பதால்தான் இந்தச் சாய்ந்த வடிவம்.

அடுத்தது ஸ்டீரிங். இங்கு ஒரே விதிதான்: வளைந்த உறுப்பை நிமிர்த்தி மறுபடி மாட்டாதீர்கள். இணைப்புக் கம்பிகள், அவற்றின் முனைப்பந்துகள், முன் குறுக்குச் சட்டத்தில் அமர்ந்து இரு சக்கரங்களையும் திருப்பும் பெல் கிராங்க் என்னும் உறுப்பு ஆகியவை அடி வாங்கியிருந்தால் புதியனவே வேண்டும். வெளிக்கு நன்றாயிருக்கும் உறுப்பிலும் மயிரிழை விரிசல் மறைந்திருக்கலாம். அதைக் கண்டறிய எளிய வழி உண்டு. உறுப்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து உலர்த்தி, சாக்குப்பொடியைப் பூசிவிடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெண்மையில் கருங்கோடாகத் தெரியும். இன்று இதற்கென்றே சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் விற்கிறார்கள். அவை இன்னும் நுட்பமானவை. நண்பரின் முன் ஆக்சில் கூடு சற்று வளைந்திருந்தது. அதற்கு ஈடாக மல்லிக் பஜாரில் ஒன்று கிடைத்தது; அதையும் இவ்வாறு சோதித்த பின்னரே ஏற்றினார்கள். எல்லாம் பூட்டியபின் முன்சக்கரங்களின் சாய்வும் உள்நோக்கும் கைநூலில் கண்டவாறு அமைக்கப்பட்டன. இரு சக்கரங்களும் முன்புறத்தில் 3/64 முதல் 3/32 அங்குலம் உள்நோக்கியிருத்தல் வேண்டும். இது தவறினால் வேகம் கூடும்போது சக்கரங்கள் வெறிகொண்டவைபோல் உதறும்.

பிரேக்கைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். இப்பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் செல்வது ஒரே சுற்றில்தான். எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் ஒருங்கே கைவிட்டுவிடும். ஆகையால் விபத்துக்குள்ளான வண்டியில் பிரேக் குழாய்களையும் ரப்பர் ஹோஸ்களையும் முழுமையாக மாற்றிவிடுவதே நலம். பட்டறைகளில் வளைக்க எளிது என்று செப்புக் குழாய் போடுவார்கள். அதற்கு இணங்காமல், பிரேக்குக்கென்றே செய்த எஃகுக் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சின் பெரும்பாலும் தப்பிவிடும். 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள உறுதியான வார்ப்பு அது. ஆயினும் விசிறி பின்னே தள்ளப்பட்டுத் தண்ணீர்ப் பம்பைக் கெடுத்திருக்கலாம்; எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் கிழிந்திருக்கலாம்; கிளட்சை மூடும் வார்ப்புக் கூட்டில் விரிசல் விழுந்திருக்கலாம். இவற்றைப் பாராமல் எஞ்சினைக் கிளப்புதல் கூடாது.

தகட்டு வேலையும் வர்ணமும் கடைசியில் வரவேண்டியவை. வடக்கே டென்ட்டிங், நம் பக்கத்தில் டிங்கரிங் என்று வழங்கும் அவ்வேலை ஜீப்புக்கு எளிது. அதன் தகடுகள் பெரும்பாலும் தட்டையானவை. ஆனால் பலர் அதையே முதலில் செய்துவிடுகிறார்கள். பளபளக்கும் வர்ணம் விரிசலை மறைக்குமேயன்றிச் சேர்க்காது.

நண்பரின் வண்டி பத்து மாதங்களில் முடிந்தது. செலவைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல பழைய கார் வாங்கியிருக்கலாம். அதை அவர் மறைக்கவில்லை. இலாபம் கருதி இவ்வேலையில் இறங்குவோர் இறங்காதிருப்பதே மேல். அன்றாடம் ஓட்ட விரும்பியதால் அவர் பழம்பெரும் வாகனப் பதிவை நாடாமல், தகுதிச் சோதனைக்கு உட்பட்டு வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டார். தில்லி போன்ற இடங்களில் பழைய வண்டிகளின் வயது வரம்பு பற்றிய ஆணைகள் அவ்வப்போது மாறி வந்திருக்கின்றன. அங்குள்ள அன்பர்கள் செலவு செய்யுமுன் இதைக் கேட்டறிதல் வேண்டும்.

முதல் ஓட்டம் வீட்டு வளவுக்குள். அடுத்தது காலியான ஒரு மைதானத்தில் மெதுவாக. ஒவ்வொரு நாளும் திரும்பியபின் மிஸ்திரி எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கிப் பார்த்தார். மூன்று வாரங்களுக்குப் பின்னரே வண்டி சாலைக்கு வந்தது. அன்று ஸ்டீரிங்கில் முதலில் அமர்ந்தவர் மிஸ்திரி. பத்து மைல் ஓட்டித் திரும்பி, இறங்கி, சக்கரங்களைத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணை ஏறச் சொன்னார். தந்தையாரின் வண்டியை மீட்டமைப்பது என்பது அதன் பழைய தோற்றத்தை மீட்பது மட்டுமன்று. வீட்டுப் பிள்ளையை அச்சமின்றி அதில் ஏற்றி அனுப்பலாம் என்னும் நம்பிக்கையை மீட்பதே அது. அந்த நம்பிக்கை வராதவரை வேலை முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.