எஞ்சினுக்குச் சிரிப்பு வாயு: குறையை நிரப்புதலும் அளவை மீறுதலும்

1942-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியப் படைகள் போர்ட் பிளேரைக் கைப்பற்றின. பத்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 2-இல், அமெரிக்காவின் பத்தாவது விமானப் படை தன் முதல் தாக்குதலை அந்தமான் கடலில் நின்ற கப்பல்கள்மீது நடத்தியது. அதில் பங்குகொண்ட பி-17 விமானங்களின் ஒவ்வோர் எஞ்சினிலும் டர்போசார்ஜர் என்னும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. அன்று போர் விமானத்துக்கு உரியதாயிருந்த அக்கருவி, இன்று ஸ்ரீ விஜயபுரம் என 2024-இல் பெயர் மாற்றம் பெற்ற அதே நகரின் தெருக்களில் ஓடும் கார்களிலும் லாரிகளிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது.

அதே போர்க்காலத்தில் ஐரோப்பாவில் மற்றொரு முறையும் கையாளப்பட்டது. நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவை எஞ்சினுள் செலுத்தி அதன் சக்தியைப் பெருக்குவதே அம்முறை. அதுவும் நாளடைவில் விமானத்தை விட்டுத் தரைக்கு இறங்கியது. டர்போசார்ஜர் உள்ள காரில் இவ்வாயுவையும் சேர்த்தால் வண்டி பறக்கும் என்று இளைஞர்கள் பேசிக்கொள்வதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கேட்டிருத்தல் கூடும். இக்கூற்றில் உண்மை உண்டு, அபாயமும் உண்டு. அவற்றைப் பிரித்தறியும் வழியை இங்குக் காண்போம்.

எரிதலும் பிராணவாயுவும்

எஞ்சினின் சக்தி எரிபொருளிலிருந்து பிறக்கிறது என்பது பாதி உண்மையே. பெட்ரோல் எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்றுத் தேவை. 30 டிகிரி உஷ்ணத்தில் இவ்வளவு காற்று சுமார் பன்னிரண்டரைக் கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். எரிபொருளை அதிகமாகத் தெளிப்பது எளிது. அதனை எரிப்பதற்கு வேண்டிய காற்றைக் கொண்டுசேர்ப்பதே கடினம். 1200 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலுமாயின், தானாக உள்ளிழுக்கக்கூடிய காற்று நிமிடத்துக்கு 1800 லிட்டருக்கு மேற்படாது. எஞ்சினின் சக்திக்கு இதுவே வரம்பாகிறது.

நம் தீவுகளின் காற்றில் ஈரமும் மிகுதி. 30 டிகிரி உஷ்ணமும் நூற்றுக்கு 80 ஈரப்பதமும் உள்ள நாளில், காற்றின் கொள்ளளவில் நூற்றில் மூன்று பங்குக்கு மேல் நீராவியே நிறைந்திருக்கும். அந்த இடத்தில் பிராணவாயு இல்லை. ஆதலால் மழைக்கால மாதங்களில் எஞ்சின் சற்றே மந்தமாக ஓடுவது கற்பனையன்று.

டர்போசார்ஜர் செய்யும் வேலை

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் வெப்பமும் வேகமும் எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுள் புகுத்துவதே டர்போசார்ஜரின் வேலை. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலறிஞர் ஆல்பிரட் பியூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கார்களில் உள்ள சிறு டர்போசார்ஜரின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியது.

காற்றை அழுத்தினால் அது சூடேறும். 30 டிகிரிக் காற்றை 1.8 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுசென்றால், நடைமுறையில் அதன் உஷ்ணம் நூறு டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிவடைவதால் அழுத்தியதன் பயனில் ஒரு பகுதி வீணாகிறது. இதனைத் தவிர்க்கவே இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான், டர்போசார்ஜருக்கும் எஞ்சினுக்கும் இடையே வைக்கப்படுகிறது. ஆயினும் வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக அதனால் ஆக்க முடியாது.

நைட்ரஸ் ஆக்ஸைடின் இயல்பு

நைட்ரஸ் ஆக்ஸைடு புதிய பொருளன்று. ஜோசப் பிரீஸ்ட்லி 1772-இல் இதனைக் கண்டறிந்தார். ஹம்பிரி டேவி அதனை முகர்ந்து ஆராய்ந்தார். 'சிரிப்பு வாயு' என்ற பெயரும் அவர் காலத்திலேயே வழங்கலாயிற்று. மயக்க மருந்தாக மருத்துவமனைகளில் இது இன்றும் பயன்படுகிறது.

இதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஒரு பிராணவாயு அணுவும் உள்ளன. காற்றின் எடையில் நூற்றுக்கு 23 பங்கு பிராணவாயு. இவ்வாயுவிலோ நூற்றுக்கு 36 பங்கு. எஞ்சினுள் நிலவும் கடும் வெப்பத்தில் மூலக்கூறு பிளவுபட்டுப் பிராணவாயுவை விடுவிக்கிறது. அப்பிளவின்போது வெப்பமும் வெளிப்படுகிறது. இதனை எரிபொருள் என எண்ணுதல் பெருந்தவறு. இது எரிவதில்லை, எரிபொருளை எரியச் செய்கிறது. சேர்க்கும் ஒவ்வொரு கிலோகிராம் வாயுவுக்கும் ஏறத்தாழ நூறு கிராம் பெட்ரோல் கூடுதலாகச் செலுத்தப்பட வேண்டும்.

மற்றொரு பண்பும் குறிப்பிடத்தக்கது. குடுவையில் இது அழுத்தத்தால் திரவமாக அடைக்கப்பட்டிருக்கும். சாதாரண அழுத்தத்தில் இதன் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே 88 டிகிரி. ஆகவே, வெளிப்பட்டவுடன் ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. இன்டர்கூலரால் இயலாத குளிர்ச்சியை இது அளிப்பதால், டர்போசார்ஜருக்கு ஏற்ற துணை எனக் கருதப்படுகிறது.

வானத்தில் நிரப்பிய குறை

இவ்விரு முறைகளும் விமானத்தில் ஏன் தேவைப்பட்டன என்பதை ஆராய்ந்தால் உண்மை விளங்கும். ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பத்தில் மூன்று பங்கே ஆகும். கடல்மட்டக் காற்றுக்கென அமைக்கப்பட்ட எஞ்சின் அங்கே மூச்சுத் திணறும். பி-17 விமானத்தின் டர்போசார்ஜர், பல கிலோமீட்டர் உயரத்திலும் கடல்மட்டக் காற்றுக்கு நிகரான அழுத்தத்தை எஞ்சினுக்கு அளித்தது. ஜெர்மானியர் தம் மெஸ்ஸர்ஷ்மிட் 109, யுங்கர்ஸ் 88 விமானங்கள் சிலவற்றில் நைட்ரஸ் ஆக்ஸைடைப் பயன்படுத்தியதும் மிகுந்த உயரத்தில் ஏற்படும் அக்குறையை ஈடுசெய்யவே. பிரிட்டிஷாரும் 1944-இல் மாஸ்கிட்டோ விமானங்கள் சிலவற்றில் இதனைக் கையாண்டனர்.

மேல்வானத்தில் இவ்வாயு, எஞ்சின் இழந்த சக்தியை அதற்குத் திருப்பியளித்தது. சிலிண்டருக்குள் ஏற்பட்ட அழுத்தமும் பெரும்பாலும் அந்த எஞ்சின் தாங்குவதற்கென அமைக்கப்பட்ட அளவை ஒட்டியே இருந்தது.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மிக உயர்ந்த சிகரமாகிய சேடில் பீக் 732 மீட்டர் உயரமே உடையது. அதன் உச்சியிலும் காற்றழுத்தம் நூற்றுக்கு எட்டுப் பங்களவே குறையும். நம் சாலைகளோ அதனினும் மிகத் தாழ்ந்தவை. டர்போசார்ஜர் உள்ள வண்டி, இங்குக் கடல்மட்டக் காற்றையும் கடந்த அழுத்தத்தில் ஏற்கெனவே இயங்குகிறது. அதன்மேல் இவ்வாயுவையும் செலுத்துவது உண்டவனுக்கு மீண்டும் உணவைத் திணிப்பதை ஒக்கும். அங்கே குறையை நிரப்பிய பொருள் இங்கே அளவை மீறச் செய்கிறது.

இரண்டும் சேரும்பொழுது

டர்போசார்ஜரும் நைட்ரஸ் ஆக்ஸைடும் தனித்தனியே தரும் பயனை வெறுமனே கூட்டிப் பார்த்தல் போதாது. ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடுகிறது. கூடுதலான எரிபொருள் எரிவதால் புகை பெருகுகிறது. புகை பெருகுவதால் டர்போசார்ஜர் விரைந்து சுழன்று மேலும் காற்றைத் திணிக்கிறது. அளவுக்கு மிஞ்சிய புகையை வேறு வழியே திருப்பிவிடும் வால்வு, தொழிற்சாலையில் குறித்த அளவுக்கு ஏற்றதேயன்றி இப்பெருக்கைச் சமாளிக்கப் போதுமானதாயிராது.

இந்நிலையில் பெட்ரோல் பம்ப் தேவையான எரிபொருளைத் தரத் தவறினால் என்ன நேரும்? பிராணவாயு மிகுந்து எரிபொருள் குறைந்த கலவை, உரிய தருணத்துக்கு முன்னரே தானாக வெடித்தெழும். மெக்கானிக்குகள் 'எஞ்சின் தட்டுகிறது' என்பது இதனையே. எரியும் வாயுவின் உஷ்ணம் 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்பட்ட அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். இடைவிடாது வெப்பம் வெளியேறிக்கொண்டிருப்பதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. வெளியேறுவதைவிட வேகமாக வெப்பம் சேர்ந்தால், பிஸ்டனின் தலையில் துளை விழச் சில விநாடிகள் போதும்.

கார் தொழிலும் இப்பாடத்தை ஆரம்பத்திலேயே கற்றது. டர்போசார்ஜருடன் விற்பனைக்கு வந்த முதல் கார்களுள் ஒன்று, 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர். எஞ்சின் தட்டாதிருக்கும்பொருட்டு அதில் நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தெளிக்க வேண்டியிருந்தது. டர்போசார்ஜர் ஒன்றிற்கே அத்துணைக் காப்புத் தேவைப்பட்டது.

டீசல் வண்டிகளின் நிலை சற்று வேறு. அவை எப்பொழுதும் தேவைக்கு மிஞ்சிய காற்றுடனேயே இயங்குவதால், எரிபொருளைக் கூட்டாமல் வாயுவை மட்டும் சேர்ப்பதால் பெரும்பயன் இராது. இரண்டையும் கூட்டினால் சிலிண்டரின் அழுத்தம் பெருகும் அபாயம் அங்கும் உண்டு. இத்தனைக்கும் ஐந்து கிலோகிராம் வாயு உள்ள குடுவை சில நிமிடங்களுக்கே தாங்கும்.

குடுவையும் தீவின் வெயிலும்

20 டிகிரி உஷ்ணத்தில் இக்குடுவையினுள் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 50 மடங்கு. உஷ்ணம் 36.4 டிகிரியை அடைந்ததும் அது 72 மடங்காகிறது. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினும் இப்பொருள் திரவமாக நில்லாது. குடுவை நிறைந்திருப்பின் அழுத்தம் மேலும் விரைந்து ஏறும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் பின்பெட்டி நம் தீவுகளில் 36 டிகிரியைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. குளிர்நாட்டில் எழுதப்பட்ட குறிப்பை இங்கு அப்படியே பின்பற்றலாகாது.

வாயு கசிந்தாலும் தீங்குண்டு. இது காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனமானதாகையால், மூடிய வண்டிக்குள் தேங்கிப் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேடிக்கைக்காக அடிக்கடி முகர்பவர்களுக்கு உடலிலுள்ள பி-12 வைட்டமின் செயலிழந்து நரம்புகள் கெடும். மாணவர்களிடம் இதனைத் தெளிவாகவே கூறிவிட வேண்டும்.

சட்டமும் சாலையும்

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைத்தலை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் இதனை வலியுறுத்தியுள்ளது. அழுத்த வாயுக் குடுவைகளை நிரப்புவதற்கும் வைத்திருப்பதற்கும் 2016-ஆம் ஆண்டு வாயு உருளை விதிகள் பொருந்தும்.

சாலையின் இயல்பையும் மறத்தலாகாது. அந்தமான் பெருவழிச்சாலை ஜாரவா மக்களின் காப்பு நிலத்தினூடே செல்லுமிடத்தில், ஜிர்க்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை வண்டிகள் காவலுடன் அணியாகவே செல்கின்றன. அங்கே ஒன்றை ஒன்று முந்துதல் கூடாது. அத்தகைய வழியில் கூடுதல் வேகத்துக்கு இடமேது? எஞ்சின் பழுதுற்று வண்டி நடுவழியில் நின்றால், அதன் துன்பம் பின்வருவோர் அனைவரையும் சேரும்.

களப்பணியாளர் கவனத்துக்கு

வண்டியில் சக்தி குறைந்ததாகத் தோன்றினால் முதலில் இழந்ததை மீட்கும் வழிகளையே நாடல் வேண்டும். ஏர் பில்டர் அடைபட்டுள்ளதா என்று காண்க. இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளில் உப்பும் சேறும் படிந்திருப்பின் நீரால் மெதுவாகக் கழுவுக. டர்போசார்ஜரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களில் வெடிப்போ தளர்ச்சியோ இருந்தால் அழுத்திய காற்று வெளியேறிவிடும். சீறும் ஒலியும் டீசல் வண்டியில் கரும்புகையும் இதன் அறிகுறிகள். எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுக. நெடுந்தூரம் விரைந்து ஓடிய வண்டியை நிறுத்தியவுடன் எஞ்சினை அணைக்காமல், ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிடுக; டர்போசார்ஜரின் அச்சு எண்ணெயால் குளிர்வதற்கு அவகாசம் கிடைக்கும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இப்பொருளை எளிய சோதனைகளால் விளக்கலாம். சம அளவுள்ள இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி, ஒன்றைச் சிறு கண்ணாடிக் குவளையாலும் மற்றதைப் பெரிய குவளையாலும் மூடுக. பெரிய குவளையினுள் சுடர் அதிக நேரம் நிற்கும். பிராணவாயு முழுவதும் தீர்ந்த பின்னரே சுடர் அணைகிறது என்று கூறுதல் பிழை; போதிய அளவுக்குக் கீழே குறைந்ததும் அது அணைந்துவிடுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துச் சில முறை அழுத்தினால் அதன் அடிப்பகுதி சூடாகும். டர்போசார்ஜருக்கு இன்டர்கூலர் ஏன் வேண்டும் என்பது விளங்கும். புறங்கையில் ஒரு துளி ஸ்பிரிட்டை இட்டால் அது ஆவியாகும்பொழுது குளிர்ச்சி தோன்றும். ஸ்பிரிட்டைச் சுடரின் அருகே கொண்டுசெல்லலாகாது. நைட்ரஸ் ஆக்ஸைடைப் பள்ளியில் தயாரிக்க முற்படுதலும் கூடாது. அதற்கென அம்மோனியம் நைட்ரேட்டைச் சூடேற்றுதல் வெடிவிபத்தில் முடியலாம்.

இச்சோதனைகளைக் கண்ட மாணவன், எஞ்சினுக்கு வாயுவைச் சேர்த்தால் சக்தி பெருகுமா என்று கேட்பான். பெருகும் என்றே விடையளிக்க வேண்டும். அச்சக்தியைத் தாங்கும் வலிமை அந்த உலோகத்துக்கு உண்டா, வெப்பம் எவ்வழியே வெளியேறும் என்ற வினாக்களையும் அவனே தொடர்ந்து எழுப்புமாறு பழக்குதல் ஆசிரியர் கடமையாகும்.