வீட்டைப் பார்க்க முதல் உறுதியைப் பாருங்கள்

நமது வியாபாரிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். புறக்கோட்டையில் ஒரு மூடை பருப்பு வாங்குவதென்றாலும் கையில் அள்ளிப் பார்த்து, நாலு கடையில் விலை கேட்டுத்தான் வாங்குவார்கள். அதே மனிதர் இரண்டு கோடி ரூபாவுக்கு வீடு வாங்கும்போது மட்டும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் காரியத்தை முடித்துவிடுகிறார். டைல்ஸ் நன்றாக இருந்தது, பள்ளிவாசல் பக்கத்தில் இருந்தது, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று!

மகளுக்குக் கலியாணத் திகதி குறித்த பிறகு வீடு தேடப் புறப்படுவதுதான் இந்த அவசரத்துக்குப் பெரும்பாலும் காரணம். "நானா, இந்த வீட்டை இன்னும் மூன்று பேர் கேட்டு நிற்கிறார்கள்" என்று தரகர் சொன்னதும் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகிறது.

முதலில் அட்வான்ஸ் விஷயத்தைப் பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி காணி விற்பனையும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய துண்டில் கையெழுத்து வாங்கி ஐந்து இலட்சம் கொடுத்தால், பணம் கொடுத்ததற்கு அது அத்தாட்சியாகலாம். ஆனால் அதை வைத்து வீட்டைத் தரச் சொல்லிக் கேட்க முடியாது. அட்வான்ஸ் கொடுப்பதானால் நொத்தாரிசு உடன்படிக்கை எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து கொள்ளுங்கள்.

அதற்கும் முன்பாக உங்கள் சட்டத்தரணியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புங்கள். விற்பவரின் சட்டத்தரணி எவ்வளவு நல்லவரானாலும் அவர் விற்பவரின் ஆள்தான். ஆகக் குறைந்தது 30 வருடப் பதிவுகளைப் பார்ப்பது வழக்கம். ஈடு, நீதிமன்றத் தடை, வழக்கு ஏதும் பதிவாகி இருந்தால் அங்கே தெரியவரும். நன்கொடை உறுதியாக இருந்தால், கொடுத்தவர் சீவிய உரித்தை வைத்துக்கொண்டாரா என்று பாருங்கள். வைத்திருந்தால், அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவருக்கே உண்டு.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் வாரிசுச் சொத்து. முஸ்லிம் ஒருவர் மரண சாதனம் எழுதாமல் மவுத்தானால், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டத்தின்படியே சொத்துப் பிரியும். ஒரு கணக்குப் போடுவோம். பெற்றோர் முன்பே காலமான ஒருவர் மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகளை விட்டு மவுத்தாகிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று. ஆண் மக்களுக்கு எட்டில் இரண்டு வீதம். பெண் மக்களுக்கு எட்டில் ஒன்று வீதம். இப்போது ஆண் மக்கள் இருவரும் வந்து, "வாப்பாவின் வீடு, நாங்கள்தான் பொறுப்பு" என்று உறுதி எழுதித் தந்தால் உங்களுக்குக் கிடைப்பது எட்டில் நான்கு. முழு வீட்டுக்குக் காசு கொடுத்து அரை வீடு வாங்கியிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த புடவை வியாபாரி ஒருவருக்கு இதுதான் நடந்தது. கட்டாரில் இருந்த சகோதரி நாடு திரும்பி, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரிவினை வழக்குப் போட்டார். வியாபாரி இன்னும் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார். ஆனால் வழக்குள்ள சொத்தை வாங்கவோ ஈடு பிடிக்கவோ எவரும் முன்வருவதில்லை. கடைக்குச் சரக்கெடுக்க வேண்டிய பணம் சுவரில் அடைபட்டுக் கிடக்கிறது.

எனவே உம்மா, லாத்தா, தங்கை என எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் அனுப்பினால், அது பதியப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக உண்டா என்று பாருங்கள். கொடுத்தவர் மவுத்தானால் பொதுவாக அந்தத் தத்துவமும் அத்தோடு முடிந்துவிடும்.

அடுத்து மாநகர சபை அல்லது பிரதேச சபை. அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், குடியிருப்பதற்கான இணக்கச் சான்றிதழ், வீதிக் கோட்டுச் சான்றிதழ், சபை காணியைக் கையேற்கவில்லை என்ற சான்றிதழ், சோலைவரி ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். வரைபடத்தில் ஒரு மாடி, நேரில் மூன்று மாடி என்றால் அந்த இரண்டு மாடிகளின் வில்லங்கத்தையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். நில அளவையாளரை அழைத்து எல்லையை அளந்து பாருங்கள். ஒரு பேர்ச்சஸ் என்பது 272.25 சதுர அடி. மதில் இரண்டடி உள்ளே வந்திருந்தால் எத்தனை இலட்சம் போகிறது என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

மழை நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதை விற்பவர் சொல்லமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். மலைநாட்டில் சரிவான காணியென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு பற்றிக் கேட்டறியுங்கள்.

செலவுக் கணக்கில் முத்திரை வரியை மறந்துவிடாதீர்கள். பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். இரண்டு கோடி வீட்டுக்கு 7,99,000 ரூபா. இதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள், இணங்காதீர்கள். நாளை வழக்கு வந்தால் நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்கு அந்த உறுதிதான் சாட்சி.

கடைசியாக, கடையின் சுழற்சிப் பணத்தில் கை வைக்காதீர்கள். வீட்டைக் கொடுத்தது கடைதான். கலியாணம் மூன்று மாதத்தில் என்றால் ஒரு வருடம் நல்ல வாடகை வீடொன்று எடுத்துக் கொடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது பேசினால் பேசட்டும், ஒரு வருடத்தில் மறந்துவிடுவார்கள். பிரிவினை வழக்கு அவ்வளவு சீக்கிரம் முடியாது.