பதினைந்து கிலோ கம்பி

சத்துவாச்சாரியில் பளுதூக்கக் கற்றுக்கொள்ளப் போனபோது எனக்கு வயது 44. வேலூர்க்காரர்களுக்கு இது புதிய விளையாட்டல்ல. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்ப் பிள்ளை.

முதல் மாதம் முழுக்க எடை மாட்டாத வெறும் கம்பிதான். பெண்களுக்கான அந்தக் கம்பியே 15 கிலோ. "அவசரப்படாதீங்கம்மா. மூச்சை இழுத்து வயித்தை இறுக்குங்க, அப்புறம் தூக்குங்க" என்பார் மாஸ்டர். தொடக்கத்தில் கூடுகிற பலம் தசை பெருத்து வருவதல்ல. இருக்கிற தசையை நரம்புகள் நன்றாக வேலை வாங்கப் பழகுவதால் வருவது. பயிற்சியில் தசை களைக்கும். அது தேறுவது உண்டு உறங்கும் நேரத்தில்தான். ஓய்வு நாளில் போய் நின்றால் மாஸ்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

போன ஆடியில் அம்மாவுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதல் ராத்திரி கை வெடவெடத்தது. கட்டிலோரம் காலை அகட்டி நின்று, முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கி, போர்வையோடு சேர்த்து என் பக்கம் இழுத்தேன். அம்மா திரும்பினார். "நீ போய்ப் படுடி" என்று குழறினார். நடுங்கும் கையாலும் பாரத்தைத் தாங்க முடியும் என்று கம்பி எனக்கு ஏற்கெனவே காட்டியிருந்தது. இல்லாவிட்டால் அந்த ராத்திரியே உடைந்திருப்பேன்.

ஒன்பதாம் நாள், ஒரு தம்ளர் கஞ்சி சிந்தியதற்கு அம்மாவிடம் கத்திவிட்டேன். அன்றுதான் ஓய்வு நாள் நினைவுக்கு வந்தது. தம்பிக்கு போன் போட்டு, "சனி, ஞாயிறு ராத்திரி நீ வந்து பார்த்துக்கடா" என்றேன். முன்பெல்லாம் நான் வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

நாலாம் மாதம் வாக்கரைப் பிடித்து எழ முயன்ற அம்மா தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பளுதூக்கும் போட்டியில் தூக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு உண்டு. தவறினால் அதே எடையை மறுபடி கேட்கலாம், குறைத்துக் கேட்க முடியாது. அதைச் சொன்னேன். மூன்றாம் முறை எழுந்து நின்றார்.

மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும். எடை தூக்கும் பயிற்சி அதை மட்டுப்படுத்தும். நாற்பதைத் தாண்டிய பெண்களே, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முறையாகச் சொல்லித்தருகிறவரிடம் போங்கள். வெறும் கம்பியில் தொடங்கினால் போதும்.