முள்கரண்டியைக் கீழே வை!

காலை வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டோஸ்டரில் சிக்கிக்கொண்ட ரொட்டித் துண்டை எடுக்க முள்கரண்டியை உள்ளே விடப் போனேன். “கரண்டியைக் கீழே வை!” என்று பாட்டி போட்ட சத்தத்தில் அது கைநழுவித் தரையில் விழுந்தது. பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிப்பது நான். ஆபத்தை உணர்ந்தவர் பாட்டி.

“அப்படி என்னதான் இருக்கிறது அதற்குள்ளே?” என்று மாலையில் அவர் கேட்டபோது என்னால் முழுமையாக விளக்க முடியவில்லை. தேடிப் படித்தேன்.

உள்ளே இருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. மின்சாரம் பாய்ந்து செக்கச்செவேலென்று காய்ந்தாலும் அது எளிதில் உருகாது. அதன்மேல் படியும் குரோமிய ஆக்சைடு படலம், காற்று பட்டு அது அரிக்கப்படாமல் காக்கிறது. இந்த உலோகக் கலவைக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906ல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகே நீண்டநாள் உழைக்கும் மின்சார டோஸ்டர் சாத்தியமானது.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1909ல் விற்பனைக்குக் கொண்டுவந்த டி-12 டோஸ்டர், ரொட்டியின் ஒரு பக்கத்தை மட்டுமே வாட்டியது. அருகில் நின்று கையால் திருப்பி வைக்க வேண்டும். கவனம் சிதறினால் கருகிவிடும். அந்தத் தொல்லையைத் தீர்த்தவர் சார்லஸ் ஸ்ட்ரைட். நேரம் முடிந்ததும் ரொட்டியை மேலே தள்ளும் டோஸ்டருக்கு 1921ல் அவர் காப்புரிமை பெற்றார்.

இன்றைய டோஸ்டர்கள் பலவற்றில், பிடியைக் கீழே அழுத்தியதும் ஒரு மின்காந்தம் அதைப் பிடித்துக்கொள்கிறது. குறித்த நேரத்தில் அந்த மின்காந்தத்துக்குச் செல்லும் மின்சாரம் நிற்க, காந்தம் பிடியை விடுகிறது. சுருள்வில் ரொட்டியை மேலே தூக்குகிறது. செருகியை மாட்டாமல் பிடியை அழுத்தினால் அது கீழே நிற்காததற்கும் இதுவே காரணம்.

சரி, கரண்டியால் என்ன ஆபத்து? நிக்ரோம் கம்பிக்கு உறை எதுவும் இல்லை. சிங்கப்பூர் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். உலோகக் கரண்டி கம்பியில் பட்டால், மின்சாரம் நம் உடல் வழியாகப் பாயலாம். ரொட்டி மேலே வந்துவிட்டதே என்றும் அலட்சியமாக இருக்க முடியாது. சில டோஸ்டர்களில் செருகியைக் கழற்றும்வரை கம்பியில் மின்னழுத்தம் இருக்கக்கூடும்.

இப்போதெல்லாம் ரொட்டி சிக்கினால் சுவர் விசையை அணைத்து, செருகியைக் கழற்றி, டோஸ்டர் நன்கு ஆறிய பிறகே அதைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.

இவ்வளவையும் பாட்டியிடம் விளக்கி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “இதெல்லாம் எனக்குத் தெரியாதய்யா. சூடான கம்பிக்குள் இரும்பை விடக்கூடாது என்று மட்டும் தெரியும்.”