இலாகா இலாகாவாகச் சுற்றும் முதல் வருஷம்

"படிச்சது பி.காம்., பார்க்கிறது கோடவுன்லே மூட்டை எண்ணுற வேலை!" என்று அலுத்துக் கொள்ளும் தாய்மார்கள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். பெண்ணுக்கு நல்ல கம்பெனியில் இடம் கிடைத்ததென்று கோயிலில் அர்ச்சனை செய்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்புக் கொடுத்த சந்தோஷம் இரண்டு மாதம்கூட நிலைப்பதில்லை. முதலில் ஸ்டோர்ஸ், அப்புறம் அக்கவுண்ட்ஸ், அப்புறம் விற்பனை, பிறகு ஏதோ ஒரு வெளியூர்க் கிளை. "ஓரிடத்திலே உட்கார விடாம இப்படிப் பந்தாடறாங்களே! இவளைப் பிடிக்கலையோ?" என்று தாயின் மனம் கலங்குகிறது. "பேசாம விட்டுட்டு வந்துடுடி" என்று வாய் தவறியும் வந்துவிடுகிறது.

அவசரப்பட வேண்டாம், சகோதரிகளே. பெண்ணைப் பிடிக்காததால் மாற்றவில்லை. புதிதாகச் சேர்ந்தவரை ஒவ்வொரு இலாகாவிலும் சில வாரங்களோ சில மாதங்களோ வைத்து, முழுக் கம்பெனியையும் காட்டிவிட்டு, கடைசியில் ஓரிடத்தில் அமர்த்துவது பெரிய நிறுவனங்களின் வெகுநாளைய வழக்கம். இந்தச் சுற்றுப் பயிற்சியின் பாதியில் விலகும் பெண், வேலையில் கால் ஊன்றும் நேரத்தில்தான் விலகுகிறாள். ஆகவே அதைப் பற்றி வீட்டில் இருக்கும் நாமும் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

மூட்டை எண்ணுவதில் என்ன இருக்கிறது?

ஒரு தொழிற்சாலை 100 மூட்டை மூலப்பொருளுக்கு ஆர்டர் கொடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். லாரி வருகிறது. ஸ்டோர்ஸில் எண்ணினால் 96 மூட்டைதான் இருக்கிறது. வரவுப் புத்தகத்தில் 96 என்று பதிகிறார்கள். சில நாள் கழித்து அக்கவுண்ட்ஸுக்கு வரும் பில்லில் 100 என்று இருக்கிறது. ஆர்டர், வரவு, பில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். மேஜையிலேயே உட்கார்ந்து பழகியவருக்கு அந்த மூன்றும் வெறும் காகிதங்கள். போன மாதம் வெயிலில் நின்று எண்ணிய பெண்ணுக்கோ, அந்த 4 மூட்டை எங்கே போயிருக்கும், யாரைக் கேட்க வேண்டும் என்பது உடனே புரியும்.

விற்பனைப் பிரிவில் சில வாரம் கடை கடையாக ஏறி இறங்கியவளுக்கு, சரக்கு ஒருநாள் தாமதமானால் கடைக்காரர் என்ன பேச்சுப் பேசுவார் என்று தெரியும். பிறகு அவள் உற்பத்திப் பிரிவில் அமர்ந்தாலும் அந்தப் பேச்சு காதில் ஒலித்துக் கொண்டே இருக்கும். வீட்டு நிர்வாகமும் இப்படித்தானே? அடுப்பை மட்டும் கவனித்து, மளிகைக் கணக்கையும் பால் கணக்கையும் பார்க்காமல் குடும்பத்தை ஓட்டிவிட முடியுமா?

இன்னொரு லாபமும் உண்டு. பெண்ணுக்கே தன் மனம் எதில் லயிக்கிறது என்பது தெரியவரும். கணக்குத்தான் தன் உலகம் என்று நினைத்துச் சேர்ந்தவள், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் மனம் ஒன்றிப் போகலாம். எந்த இலாகாவிலும் உட்கார்ந்து பார்க்காமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்னே நடந்தவர்கள்

ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தில் மானேஜ்மெண்ட் டிரெயினிகளை உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா மாவட்டக் கிராமங்களுக்கு அனுப்பிச் சில வாரங்கள் தங்க வைத்த வழக்கம் பிரசித்தம். அங்கே அந்த நிறுவனம் 1976-ல் கிராம முன்னேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெரிய கல்லூரிகளில் படித்துவிட்டு வந்தவர்கள், சோப்பு வாங்கும் குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதைக் குடிசைத் திண்ணையில் உட்கார்ந்து கற்றார்கள்.

திருமதி அருந்ததி பட்டாச்சார்யா 1977-ல் ஸ்டேட் பாங்கில் புரொபேஷனரி ஆபீஸராகச் சேர்ந்தார். படித்தது ஆங்கில இலக்கியம். சேர்ந்த வங்கியில் பல ஊர்களிலும் பல பிரிவுகளிலும் பணியாற்றி, 2013-ல் அதன் முதல் பெண் தலைவரானார். இன்றும் அந்த வங்கியில் இப்படிச் சேருபவர்களுக்கு 2 வருஷம் பயிற்சிக் காலம். கவுண்ட்டர், டெபாசிட், கடன் என்று ஒவ்வொன்றாகக் கற்றுத்தான் மேலே வர வேண்டும்.

திருமதி சுதா மூர்த்தியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1974-ல் புனேயின் டெல்கோ தொழிற்சாலைக்கு இஞ்சினீயர்கள் தேவை என்ற விளம்பரத்தில், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் இருந்தது. பெங்களூரில் படித்துக் கொண்டிருந்த அவர், நியாயம் கேட்டு ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே ஒரு தபால் கார்டு எழுதினார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. அன்று கதவு திறக்கவே கார்டு எழுத வேண்டியிருந்தது. இன்று திறந்த கதவு வழியே உள்ளே போன பெண்ணை நாமே திரும்பக் கூப்பிடலாமா?

எல்லாப் பயிற்சியும் ஒன்றல்ல

"டிரெயினி" என்ற ஒரே சொல்லுக்குள் பல ரகம் இருக்கிறது.

அப்ரண்டிஸ் என்றால் 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சி. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் வழக்கமாக ஒரு வருஷம். சம்பளம் என்று சொல்வதில்லை, உதவித்தொகை. 2019-ல் பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. இந்தச் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனமே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் கையில் சான்றிதழும் அனுபவமும் இருக்கும். தென் மாநிலங்களில் பட்டதாரிகள், டிப்ளமோ படித்தவர்களின் பயிற்சியை சென்னை தரமணியில் இருக்கும் தொழிற்பயிற்சி வாரியம் கவனிக்கிறது.

மானேஜ்மெண்ட் டிரெயினி, கிராஜுவேட் டிரெயினி என்பதெல்லாம் கம்பெனி தானே நடத்தும் பயிற்சி. மாதச் சம்பளம் உண்டு. பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருஷம் வரை. முடிவில் பரிசீலித்து வேலையை உறுதி செய்வார்கள்.

பெண் சேர்ந்திருப்பது எந்த ரகம் என்று முதலிலேயே தெரிந்து கொண்டால், பிற்பாடு ஏமாற்றமோ மனக்கசப்போ இருக்காது.

கையெழுத்துப் போடுமுன்

சந்தோஷத்தில் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. கேட்க வேண்டியவை இவை:

1. பயிற்சி எத்தனை மாதம்? எந்தெந்த இலாகா? வெளியூர் உண்டென்றால் தங்குமிடம் யார் பொறுப்பு?

2. முடிந்ததும் வேலை உறுதியா, அல்லது பரிசீலனையா? மதிப்பெண் போடுவது யார்?

3. பாண்டு உண்டா? நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்களா, வாங்கி வைத்துக் கொள்வார்களா? வாங்கி வைத்துக் கொள்வதென்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

4. இரவு ஷிப்ட் உண்டா? பெண்ணின் சம்மதம் கேட்பார்களா? வீடு வரை வண்டி வருமா?

5. பெண்களின் புகாரை விசாரிக்கும் உள்கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள்? 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் இந்தக் கமிட்டி இருக்க வேண்டும். பயிற்சியில் இருப்பவருக்கும் அப்ரண்டிஸுக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு முழுக்க உண்டு. "நான் நிரந்தரம் இல்லையே, எப்படிச் சொல்றது?" என்று பெண் வாயை மூடிக் கொள்ள வேண்டியதே இல்லை.

பயிற்சிக்கு இடம் தருகிறேன், முதலில் பணம் கட்டு என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

உடம்பும் முக்கியம்

நாற்காலியில் உட்கார்ந்து படித்த பெண், திடீரென்று நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு வாரம் கால் வலி சகஜம். இரவில் வெந்நீரில் சிறிது நேரம் காலை வைத்தால் இதமாக இருக்கும். இயந்திரம் ஓடும் இடத்தில் தளர்ந்த தாவணி, துப்பட்டா, தொங்கும் பின்னல், வளையல் எதுவும் ஆகாது. கூந்தலைக் கொண்டை போட்டு, கொடுத்த தொப்பியும் ஷூவும் போட்டுக் கொள்ள வேண்டும்.

புது இடத்தில் பாத்ரூம் எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது பல பெண்களின் வழக்கம். இதனால் நீர்க்கடுப்பு வரலாம். சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்றும் வரலாம். முதல் நாளே கேட்டுத் தெரிந்து கொள்ளச் சொல்லுங்கள். காலை ஆகாரத்தைத் தவிர்க்க விடாதீர்கள். மதிய டப்பாவில் கீரை, பயறு, சுண்டல் ஏதாவது ஒன்று இருக்கட்டும். அடிக்கடி தலைசுற்றலும் களைப்பும் இருந்தால் ரத்தசோகையா என்று டாக்டரிடம் காட்டிவிடுவது உத்தமம்.

கல்யாணமும் கைக்குழந்தையும்

பயிற்சி நடக்கும் வருஷத்திலேயே வரன் அமைந்துவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தயங்காமல் பேசுங்கள். "இன்னும் அஞ்சு மாசம் பயிற்சி பாக்கி இருக்கு. வேலை உறுதியானதும் தேதி வச்சுக்கலாமே" என்று பக்குவமாகச் சொன்னால் புரிந்து கொள்பவர்கள் நிறையப் பேர். நடுவில் விட்டால் அதுவரை பட்ட பாடு வீண். முடித்துவிட்டுப் போனால் வேறு ஊரில்கூட வேலை தேட ஒரு பிடிமானம் இருக்கும்.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 50 பேருக்குக் குறையாத இடத்தில் குழந்தைக் காப்பக வசதியும் இருக்க வேண்டும். அப்ரண்டிஸ்களுக்கு விதி வேறு. ஆகவே சேரும்போதே விசாரித்து வைத்துக் கொள்ளுங்கள். கைக்குழந்தையோடு வெளியூர்ச் சுற்று வந்தால், உள்ளூர் இலாகாக்களை முதலில் முடித்துக் கொள்ளலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம்

பெண்ணுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தினமும் ஐந்து வரி போதும்: இன்று எந்த இலாகா, என்ன செய்தாள், யாரிடம் கற்றாள், எது புரியவில்லை, நாளைக்கு என்ன கேட்க வேண்டும். பயிற்சி முடிவில் மேலதிகாரிகள் முன் உட்காரும்போது, "ஸ்டோர்ஸிலே என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்ல அந்த நோட்டு கைகொடுக்கும்.

சாயங்காலம் களைத்து வருபவளிடம், "இன்னிக்கும் மூட்டைதானா?" என்று கேட்காதீர்கள். ஒரு டம்ளர் காபியைக் கையில் கொடுத்து, "இன்னிக்கு என்னடி புதுசா பார்த்தே?" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே தான் கற்றது தெளிவாகும். கேட்டுக் கொண்டிருக்கும் உங்களுக்கும் கம்பெனி எப்படி நடக்கிறதென்று புரியும்.