எட்டு பைட் செய்யுற கலாட்டா: வீட்டு பிராட்பேண்டும் எம்டியூவும்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். சென்னை ஆபீஸ்ல சேர்ந்து, இப்போ திருவண்ணாமலை வீட்டுல இருந்தே வேலை பார்க்கிற ஒரு நேயர் அனுப்பினது. புது ஃபைபர் கனெக்‌ஷன், ஸ்பீட் டெஸ்ட்ல 100 எம்பிபிஎஸ் முழுசா வருது, யூடியூப் ஓடுது. ஆனா ஆபீஸ் விபிஎன் 'கனெக்டட்'னு காட்டுமாம், உள்ளே ஒரு பக்கமும் திறக்காதாம். மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டா சரியாயிடுது. பௌர்ணமி வந்தா கிரிவலக் கூட்டத்துல அதுவும் படுத்துடுது. "இன்னொரு தடவை இப்படி ஆனா ஆபீஸுக்கே வந்துடுங்கன்னு சொல்லிட்டாங்க அண்ணா"ன்னு முடிச்சிருந்தாங்க.

ஸ்பீட் இருக்கு, வேலை நடக்கலை. இப்படின்னா நான் முதல்ல சந்தேகப்படுறது எம்டியூவை. ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கிற அளவு அது. ஈதர்நெட்டில் வழக்கமா 1500 பைட். ஆனா ரவுட்டர்ல யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு லாகின் ஆகிற கனெக்‌ஷன்கள் பலதும் பிபிபிஓஇ வகை. 1999-ல் வெளியான அந்த முறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டை தனக்குன்னு எடுத்துக்கும். மிச்சம் 1492.

எங்க ஊர்க்காரங்களுக்கு ஈஸியா புரியும். பெரிய தேர் மாட வீதியில திரும்பும். பக்கத்துச் சந்துல நுழையாது. சைக்கிள் எங்கே வேணா போகும். விபிஎன் லாகின் சின்னப் பாக்கெட், சைக்கிள் மாதிரி போயிடுது. பக்கத்தோட டேட்டா வர்றப்போதான் தேர் மாட்டிக்குது.

வழியில இருக்கிற ரவுட்டர், "இது பெருசு, 1492-க்குள்ள அனுப்பு"ன்னு ஐசிஎம்பி மூலமா அனுப்பினவருக்குத் தகவல் சொல்லணும். 1990-லயே எழுதி வச்ச விதி இது. சில ஃபயர்வால்கள் ஐசிஎம்பி மொத்தத்தையும் தடுத்துடும். என்னைக் கேட்டா அது பாதுகாப்பு இல்லை, சோம்பேறித்தனம். தகவல் கிடைக்காததால அனுப்புறவர் அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்புவார். இதுக்குப் பேர் பிளாக் ஹோல்.

அப்போ மத்த சைட்டெல்லாம் எப்படி ஓடுது? டிசிபி கனெக்‌ஷன் தொடங்கும்போதே ரவுட்டர் உள்ளே புகுந்து, 1460-ன்னு இருக்கிற எம்எஸ்எஸ் அளவை 1452-ஆ மாத்திடும். எம்எஸ்எஸ் கிளாம்பிங்னு பேரு. பல விபிஎன்கள் டேட்டாவை யூடிபிக்குள்ள பூட்டி அனுப்புறதால ரவுட்டரால உள்ளே கை வைக்க முடியாது. போதாக்குறைக்கு விபிஎன் தன்னோட ஹெடரையும் சேர்த்து பாக்கெட்டைப் பெருசாக்கும்.

சோதிக்கிறது ரொம்ப சிம்பிள். விபிஎன்னை நிறுத்திட்டு, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்ல பிங், 1.1.1.1, மைனஸ் எஃப், மைனஸ் எல், 1464-ன்னு அடிங்க. எஃப்னா 'வழியில பாக்கெட்டை உடைக்காதே'. 1464-ஓட ஹெடர் 28 சேர்ந்தா 1492. பதில் வரலைன்னா பத்துப் பத்தா குறைங்க. பதில் வர்ற பெரிய எண்ணோட 28-ஐக் கூட்டினா, அதுதான் உங்க எம்டியூ. அந்த நேயருக்கு 1424-லதான் பதில் வந்தது, அதாவது 1452. அவங்க ரவுட்டர்லயோ 1492-ன்னு இருந்தது.

ரவுட்டரோட வான் பக்கத்துல அந்த எண்ணைப் போட்டோம். ஆபீஸ் லேப்டாப்ல நாமளா கை வைக்க முடியாது. ஐடி டீம்கிட்ட சொல்லி விபிஎன் எம்டியூவை 1300 ஆக்கச் சொன்னாங்க. பக்கம் திறந்துடுச்சு. சொந்தமா வயர்கார்டு வச்சிருக்கிறவங்க, அதோட வழக்கமான 1420-ஐ 1380-க்கு இறக்கிப் பாருங்க.

'எம்டியூ மாத்தினா ஸ்பீட் டபுள்'னு வர்ற வீடியோக்களை நம்பாதீங்க. 1492-க்கும் 1500-க்கும் வித்தியாசம் ஏறக்குறைய அரை சதவீதம். 100 எம்பிபிஎஸ்ல அரை எம்பிபிஎஸ். ரொம்ப இறக்கினாலும் நஷ்டம்தான். 576 வச்சா ஹெடருக்கே 7 சதவீதம் போயிடும். வீட்டுல யாராவது வீடியோ அப்லோட் பண்ணும்போது மட்டும் கேம் லேக் ஆகுதுன்னா, அது எம்டியூ இல்லை, க்யூ நிரம்புற பிரச்னை. அதுக்குத் தனி எபிசோடு.

எதை மாத்துறதுக்கு முன்னாடியும் ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.